புத்தகம் கிழிந்தால் கிழியட்டும்: சுங்கை சிப்புட் வாசிப்பு மூலையின் கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில், ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை காலை மட்டும் திறக்கும் வாசிப்பு மூலை ஒன்று உண்டு. நான் தமிழ்ப்பள்ளியில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக் காலம் பள்ளியின் வள மையம், அதாவது நூலகம், என் பொறுப்பில் இருந்தது. போன வாரம் பெற்றோர்களும் பிள்ளைகளும் சீட்டில் எழுதியும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

டீச்சர், என் மகன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நீதிக்கதைப் புத்தகம் பத்து வாங்கி வைத்தேன். ஒன்றைக்கூடத் தொடவில்லை. கைப்பேசியைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறான். (ஒரு அம்மா, லிந்தாங்)

பத்தும் நீதிக்கதை என்றால் நானும் தொடமாட்டேன் அம்மா. பையன்மேல் கோபப்படாதீர்கள்.

போன வருஷம் இதே வயதில் ஒரு பையன் இங்கே வந்தான். தமிழ்நாட்டில் அச்சான ஒரு படப்புத்தகத்தைக் கொடுத்தேன். பனைமரம் போட்ட பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டான். “டீச்சர், குலை எங்க?” என்றான். அவன் அப்பா செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அவனுக்குப் பனை என்றால் மட்டை நாலாபக்கமும் விரிந்து, நடுவில் சிவப்பாகக் குலை இருக்க வேண்டும். படத்தில் இருந்ததோ கறுத்து, நெட்டையாக, உச்சியில் ஒரு கொத்து ஓலையோடு நின்றது. அதைப் பனை என்று அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டான்.

அடுத்த வாரம் அவன் அப்பாவிடம் சொல்லி நாலைந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நீளக் கம்பில் கட்டிய அரிவாள், தள்ளுவண்டி, லோரி, ஆலை வாசலில் வரிசை. தாளை மடித்து, பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி என்று ஒட்டி ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தேன். “அப்பா அதிகாலையில் லோரியை எடுக்கிறார்” என்று தொடங்கும். பையன் ஆறு முறை வாசித்தான். கடைசி இரண்டு முறை பார்க்காமலேயே சொன்னான், அது வேறு விஷயம். மூன்றாவது வாரம் அவனாகவே வந்து, “அந்த நெட்டை மரப் புத்தகம் இருக்கா?” என்று கேட்டான்.

உங்கள் பத்துப் புத்தகத்தையும் தூக்கிப் போட வேண்டாம். நடுவில் அவன் வாழ்க்கை உள்ள ஒன்றைச் செருகுங்கள். தமிழ்நாட்டுப் புத்தகம் பிறகு தானாகப் போகும்.

தமிழே தடுமாறுகிறது. இதில் மலாய்க் கதை, சீனக் கதை, ஓராங் அஸ்லி பழங்குடிக் கதை எல்லாம் எதற்கு? நம்ம கதையே முழுசாகத் தெரியாதே! (ஒரு அப்பா)

கேள்வி நியாயமானது அண்ணே. ஆனால் நான் மலாயில் படிக்கச் சொல்லவில்லை. மற்றவர் கதையைத் தமிழிலும் படிக்கலாமே என்கிறேன். கதை வேறு, மொழி வேறு.

இன்னொன்று. நம்ம கதை, அவர்கள் கதை என்று வேலி போடுகிற இடம் அவ்வளவு உறுதியாக இல்லை. 1796இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா தமிழும் படித்தவர். 1835இல் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்துதான் மலாய்க்குக் கொண்டுபோனார். மலாய்க்காரப் பிள்ளைகளின் சங் கஞ்சில், அதாவது சருகுமான், ராஜா விருந்து வைக்கிறார், தலை எண்ண வேண்டும் என்று சொல்லி முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, முதுகில் குதித்து ஆற்றைத் தாண்டும். இதைத் தமிழில் சொன்ன அன்று ஒரு பிள்ளை, “குரங்கும் முதலையும் கதையில ஏமாந்த அதே முதலையா டீச்சர்?” என்றாள். நான் எழுதி வைத்துப் பாடம் நடத்தினாலும் இப்படி வந்திருக்காது.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து லாசாவிலிருந்து தெமியார் என்ற ஓராங் அஸ்லி மக்கள் பெத்தாய்க் காய்க் கட்டோடு வருவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பெயர் தெரியாது, ஒரு கதை தெரியாது. ஏப்ரலில் சீனர்கள் கல்லறைக்குப் போய்ப் புல்வெட்டிப் படையல் வைப்பதைப் பள்ளிப் பேருந்தில் போகும்போது பார்க்கிறார்கள். சிங் மிங் என்ற அந்தச் சடங்கைப் பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை வாசித்ததும் ஐந்து பேர் ஒரே குரலில், “நாங்களும் தாத்தாவுக்கு இப்படித்தான் படைப்போம்” என்றார்கள். அதில் இரண்டு பேர் அன்றுவரை வாய் திறந்து வாசிக்காதவர்கள். சொல்ல ஏதோ இருந்தது, வாசித்தார்கள். தமிழ் தடுமாறுகிறது என்றீர்களே, அதற்கு மருந்தும் இதிலேயே இருக்கிறது.

எந்த வயதில் தொடங்கலாம்?

மடியில் உட்காரத் தெரிந்தால் போதும். கடிக்கும், கிழிக்கும். தடித்த அட்டைப் புத்தகமாகக் கொடுங்கள்.

வீட்டில் தமிழ், பாலர் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும். மூன்று எழுத்தையும் ஒன்றாகப் பழக்கினால் குழம்பாதா?

கொஞ்ச நாள் குழம்பும், பிறகு தெளியும். முதலில் வீட்டில் பேசும் மொழியில் வாசிக்கட்டும். ஒரு மொழியில் எழுத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள உறவு பிடிபட்டுவிட்டால் அடுத்தது எளிது. மலாயை எழுதும் ரூமி (ரோமன்) எழுத்து ஏறக்குறைய எழுதியபடி ஒலிப்பதால் மலாய் சீக்கிரம் வந்துவிடும். வம்பு செய்வது ஆங்கிலம்தான்.

தமிழில் 247 எழுத்து என்று சொல்லி யாரும் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். உயிர் 12, மெய் 18, மற்றதெல்லாம் பெரும்பாலும் அவற்றின் சேர்க்கை. பிள்ளைகள் உண்மையில் சிக்குவது கொம்பில். ‘பெ’ என்று எழுதினால் கண்ணுக்கு முதலில் கொம்பு தெரிகிறது, வாய் சொல்ல வேண்டியதோ அதற்குப் பின்னால் நிற்கும் எழுத்தை. ‘பொ’வில் இரண்டு பக்கமும் காவல். கொம்பைக் கட்டைவிரலால் மூடி ‘ப’ சொல்ல வையுங்கள். பிறகு விரலை எடுத்து ‘பெ’ சொல்ல வையுங்கள். நான்கு நாளில் விரல் தேவைப்படாது.

நான் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால்வெட்டிப் பிழைத்தவள், டீச்சரம்மா. எழுத்து தெரியாது. மருமகள் வேலைக்குப் போகிறாள், பேத்தி என்னிடம்தான் இருக்கிறாள். நான் என்ன செய்ய முடியும்? (பேரன் எழுதிக் கொடுத்தது)

அக்கா, இந்த வாரம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி உங்களுடையதுதான்.

1912ஆம் வருஷச் சட்டத்தில், பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று இருந்தது. வைத்தார்கள். பல இடங்களில் அது ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். உங்களை மாதிரி எத்தனையோ பெண்பிள்ளைகளைத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தினார்கள். உங்களுக்கு எழுத்து தெரியாதது உங்கள் குற்றம் இல்லை. அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

படப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்காத வரைக்கும் நீங்கள் சொல்லும் கதைதான் சரியான கதை. படத்தைப் பார்த்து உங்கள் வாயில் வருவதைச் சொல்லுங்கள். “இது யாரு? எங்க போறா? அப்புறம் என்ன ஆகும்?” இந்த மூன்று கேள்வி போதும். பேத்தி எழுத்தைக் காட்டி, “பாட்டி, நீ சொல்றது இதுல இல்ல” என்று ஒருநாள் சொல்வாள். அன்றைக்குக் கொண்டாடுங்கள், அவள் வாசிக்கிறாள்.

இன்னொரு வேலையும் உங்களிடம்தான் ஆக வேண்டும். இங்கே வரும் ஒரு பாட்டி, ஆயாக்கொட்டகையில் இருபது தொட்டில் ஆடியதையும், விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போனதையும் சொல்லச் சொல்ல, ஐந்தாம் ஆண்டுப் பேத்தி எழுதினாள். ‘நிரை’ என்றால் என்ன என்று அவள் கேட்க, பாட்டி மேசைமேல் தீப்பெட்டிக் குச்சிகளை வரிசையாக நட்ட மாதிரி வைத்துக் காட்டினார். அந்தக் குச்சிகளையே ஒட்டி அட்டைப்படம் செய்தார்கள். எங்கள் மூலையில் அதிகம் இரவல் போவது அந்தப் புத்தகம்தான். பாலும் மரமும் தெரியாத தாமான் (வீடமைப்புப் பகுதி) பிள்ளைகள், இன்றைக்குத் தோட்டத்தில் வேலை செய்வது இந்தோனேசியர், வங்காளதேசிகள் என்று மட்டுமே பார்த்த பிள்ளைகள், அதை வாசிக்கிறார்கள். சனிக்கிழமை வாருங்கள் அக்கா. எழுத ஆள் இருக்கிறது.

பள்ளியில் புத்தகங்களைப் பூட்டி வைத்திருக்கிறோம். கொடுத்தால் கிழிகிறது, தொலைகிறது. வேறு வழி? (ஒரு ஆசிரியர்)

நானே ஒன்பது வருஷம் பூட்டியவள், தம்பி. கண்ணாடி அலமாரி, சாவி என் மேசை இழுப்பறையில். அதிகாரி வந்தால் பளபளவென்று காட்டுவேன். ஒருநாள் அலமாரியைத் திறந்தால் கீழ்த்தட்டு முழுக்கக் கரையான். யாரும் தொடாத புத்தகங்களை அது நிதானமாக வாசித்து முடித்திருந்தது. அதற்குப் பிறகு பூட்டவில்லை.

நெகிழி உறை போடுங்கள், கிழிந்தால் ஒட்டுநாடா. ஒட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். அபராதம் வேண்டாம். அபராதத்துக்குப் பயந்து புத்தகத்தைத் திருப்பித் தராமல் இருப்பார்கள், அப்புறம் மூலைக்கும் வரமாட்டார்கள். நம்ம ஊர் ஈரத்துக்கு அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

பிள்ளைகள் வாசித்த புத்தகங்களைக் குறித்து வைக்கும் நிலாம் வாசிப்புத் திட்டப் பதிவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எண்ணிக்கை ஏறினால் நல்லதுதான், ஆனால் நண்பனின் கதைச்சுருக்கத்தைப் பார்த்து எழுதி நிரப்புகிற பிள்ளையை எனக்குத் தெரியும். அவனிடம், “எந்தப் பக்கத்தில் சிரிச்சே?” என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

காசு இல்லாமல் இவ்வளவு புத்தகத்துக்கு எங்கே போவது?

பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம். இலவசம், இறக்கிக்கொள்ளலாம், அச்சடித்துக் கட்டவும் அனுமதி உண்டு. நிலை ஒன்று முதல் நான்கு வரை பிரித்திருப்பார்கள். வயதைப் பார்க்காமல் பிள்ளை எந்த நிலையில் தடுக்காமல் வாசிக்கிறதோ அங்கே தொடங்குங்கள். சென்னைத் தூலிகா பதிப்பகத்தின் தமிழ் ஆங்கில இருமொழிப் புத்தகங்கள் நன்றாக இருக்கும், ஆனால் தபால் செலவு கடிக்கும். நான்கு வீடு சேர்ந்து தருவியுங்கள்.

பொது நூலகத்தில் தமிழ்த் தட்டு சின்னதாக இருந்தால் முகப்பில் புலம்பாமல், வேண்டிய தலைப்புகளை எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும், கடிதம் கோப்பில் உட்காரும்.

கோலாலம்பூர் யுனெஸ்கோவின் உலகப் புத்தகத் தலைநகராக இருந்த 2020இல் நாம் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். கட்டுப்பாடு தளர்ந்ததும், எங்கள் தாமானுக்கு மோட்டாரில் வரும் ரொட்டிக்காரரிடம் கெஞ்சி, ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பை தொங்கவிட்டேன். ஹாரன் சத்தம் கேட்டால் பிள்ளைகள் ஓடிவந்து பழையதைப் போட்டுப் புதியதை எடுப்பார்கள். இரண்டு புத்தகம் ரொட்டியில் தடவும் காயா ஜாம் வாசனையோடு திரும்பின. அதற்கு ஒரு சென் செலவில்லை.

டீச்சர், பேய்க்கதை படிக்கலாமா? அம்மா வேணாம்னு சொல்றாங்க. (நான்காம் ஆண்டு)

படிக்கலாம். அம்மாவிடம் நான் பேசுகிறேன். பொந்தியானாக் என்ற பெண்பேயின் கதை இரண்டாவது தட்டில், நீல அட்டை. இப்போது அது உன் வகுப்புத் தோழனிடம் இருக்கிறது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கே வந்துவிடு, உனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் வரிசையில் இருக்கிறார்கள்.