தம்பியைப் பற்றிய கடிதத்தில் அம்மாவைப் பற்றிய ஒரு வரி

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் தம்பிக்கு 23 வயது. ஆட்டிசம் உண்டு, சில சொற்கள் மட்டுமே பேசுவான். 2020 ஊரடங்கில் அவனுடைய பயிற்சி மையம் மூடப்பட்டதிலிருந்து நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. 2021 மே மாதம் அப்பா கொரோனாவில் இறந்துவிட்டார். மெல்லத் தேறி வந்த நேரத்தில், 2025 ஜனவரியில் எச்எம்பிவி வைரஸ் பெங்களூருக்கு வந்துவிட்டது, மறுபடியும் ஊரடங்கு போடப்போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியதும், அம்மா அவனை மையத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். அவன் வலது கன்னத்தில் அறைந்துகொள்கிறான், தூங்குவதில்லை, பழைய கொரோனா காலர் டியூனைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். ஸ்டெம் செல் ஊசி போடலாமா, பாலையும் கோதுமையையும் நிறுத்தலாமா? மருந்து கிடைக்காமல் போய்விடும் என்று தம்பியின் ரிஸ்பெரிடோன் மாத்திரையை அம்மா பல மாதங்களுக்கு வாங்கி வைத்திருக்கிறார். தூக்கம் வராததால் அவரும் அதில் பாதியைப் போட்டுக்கொள்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. "இன்னொரு தடவை கதவை அடைச்சாங்கன்னா நானும் அவனும் சேர்ந்தே போயிடுவோம், உனக்குப் பாரமா இருக்க மாட்டோம்" என்று இரண்டு முறை சொன்னார். கோபத்தில் சொல்வதுதானே, பெரிதுபடுத்த வேண்டியதில்லை அல்லவா?

பதில்: பெரிதுபடுத்த வேண்டும். தம்பியைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பவற்றில் பெரும்பாலானவை ஒரு வாரம் பொறுக்கும். அம்மா சொன்னது பொறுக்காது. நீங்களும் அதைக் கோபம் என்று முழுமையாக நம்பியிருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை வளர்க்கும் எந்தத் தாயும் "எனக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்" என்று கேட்காமல் இருந்ததில்லை. அந்தக் கேள்வி எவ்வளவு வேதனையானதாக இருந்தாலும், அதில் பிள்ளை தொடர்ந்து வாழப்போகிறான் என்ற எண்ணம் இருக்கிறது. அவனுக்காக ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற தவிப்பும் இருக்கிறது. உங்கள் அம்மா சொன்னது அதுவல்ல. தன்னையும் மகனையும் ஒன்றாகச் சேர்த்து முடித்துக்கொள்வதைப் பற்றி அவர் பேசுகிறார், எப்போது என்பதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறார், தாங்கள் இல்லாமல் போவது உங்களுக்கு நல்லது என்று காரணமும் சொல்கிறார். தான் பிறருக்குப் பாரம் என்ற எண்ணமும் இதற்கு வேறு வழியே இல்லை என்ற எண்ணமும் ஒருவர் பேச்சில் சேர்ந்து வரும்போது, எந்த மனநல மருத்துவரும் அதைக் கோபம் என்று எழுதமாட்டார். அதே வீட்டில் மாத்திரை அட்டைகள் குவிந்திருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பல மாத மருந்தை வாங்கி வைத்ததை முன்னெச்சரிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவும் அந்த எண்ணத்தோடுதான் வாங்கியிருக்கலாம்; ஆனாலும் இந்த மனநிலையில் அந்த இருப்பு வீட்டில் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது.

ஆகவே இன்றே அம்மாவோடு தனியாக உட்காருங்கள். தம்பி தூங்கிய பிறகு, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, சுற்றிவளைக்காமல் கேளுங்கள்: "அம்மா, நீங்களும் தம்பியும் போயிடுவோம்னு சொன்னீங்களே, நிஜமாவே அப்படித் தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று குடும்பத்தினர் பயப்படுகிறார்கள்; அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. நேரடியாகக் கேட்பது எண்ணத்தை உண்டாக்குவதில்லை, பெரும்பாலும் சுமையைக் குறைக்கிறது. அவர் அழுதால் அழ விடுங்கள். "அப்படியெல்லாம் பேசக்கூடாது", "சாமி இருக்கு" என்று வாயை அடைக்க வேண்டாம். அடைத்தால் அடுத்த முறை அவர் உங்களிடம் சொல்லமாட்டார். என்ன பதில் வந்தாலும், மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை அம்மாவையும் தம்பியையும் வீட்டில் தனியாக விடாதீர்கள். சித்தியோ மாமாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, யாரையாவது கூப்பிட்டு உண்மையைச் சொல்லி உடன் தங்க வையுங்கள். வெளியே தெரிந்தால் அவமானம் என்று எண்ணும் நேரம் இதுவல்ல.

மாத்திரைகளை எல்லாம், சர்க்கரை மாத்திரையையும் பழைய அட்டைகளையும் சேர்த்து, உங்கள் பொறுப்பில் பூட்டி வையுங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் நீங்களே எடுத்துக்கொடுங்கள். அம்மா தம்பியின் மாத்திரையைப் பாதி போட்டுக்கொள்வது இன்றோடு நிற்க வேண்டும். ரிஸ்பெரிடோன் தூக்க மாத்திரை அன்று. ஆட்டிசம் உள்ளவர்களிடம் கடுமையான எரிச்சலும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் இருக்கும்போது, எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கண்காணித்தபடி கொடுக்கப்படும் மருந்து அது. சர்க்கரை நோய் உள்ள ஒருவர் யாரையும் கேட்காமல் அதைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை அளவு ஏறலாம்; தலைசுற்றி விழவும் நேரலாம். அதைவிடப் பெரிய கேடு, அது தருகிற மயக்கம் அவருடைய உண்மையான நோயை மறைத்து வைக்கிறது. ஒருவருக்கு எழுதிய மாத்திரையை வீட்டில் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. மருந்துச்சீட்டு ஒரு பெயருக்கு எழுதப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அம்மா எவ்வளவு காலமாக, எத்தனை மில்லிகிராம் எடுத்தார் என்பதை எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கே போவது? ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் அரசு மனநல மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவு இரவும் பகலும் இயங்குகிறது. திட்டம் இருக்கிறது என்று அம்மா சொன்னாலோ, பதிலே சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, புறநோயாளிப் பிரிவு திறக்கட்டும் என்று காலைவரை காத்திருக்காமல் அங்கேயே அழைத்துச் செல்லுங்கள். அப்படி இல்லையென்றாலும் இரண்டொரு நாளுக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். இடையில் பேசுவதற்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம், நீங்களும் உங்களுக்காக அழைக்கலாம். இதை வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். இப்படி ஓர் எண்ணம் வருவதை மருத்துவரிடம் சொல்வது குற்றமன்று. தற்கொலைக்கு முயன்றவரைக்கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அம்மாவுக்கு இருப்பது மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம், அது சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய். மருந்து தொடங்கினால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடக்கூடாது.

எச்எம்பிவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது நெதர்லாந்தில் 2001இல் கண்டறியப்பட்ட வைரஸ். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே மனிதர்களிடையே இருந்து வந்தது. பெரும்பாலான குழந்தைகள் ஐந்து வயதுக்குள் ஒருமுறையாவது அதைப் பெற்று, சளி காய்ச்சலோடு தாண்டிவிடுகிறார்கள். பெங்களூரில் இரண்டு குழந்தைகளிடம் அது இருப்பது பரிசோதனையில் தெரிந்தது என்பதுதான் செய்தி. புதிதாக வந்து நம்மைத் தாக்கியது என்பதும், ஊரடங்கு வரும் என்பதும் கைபேசியில் கட்டிவிட்ட கதை. அந்தக் கதையைப் பத்துப் பேருக்கு அனுப்பியவர்கள், அது எந்த வீட்டில் எந்தக் காயத்தைக் கிளறும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அம்மாவின் கைபேசியில் அந்தக் குழுக்களை நிறுத்தி வையுங்கள்.

ஆனால் அம்மாவின் பயத்தை அறியாமை என்று நான் ஒதுக்கமாட்டேன். மார்ச் 25, 2020 அன்று நாடு அடைக்கப்பட்டபோது, பெரும்பாலான குடும்பங்கள் வசதியை இழந்தன. ஆட்டிசம் உள்ளவர்களின் குடும்பங்கள் அன்றாட வாழ்க்கையைத் தாங்கி நின்ற சட்டகத்தையே இழந்தன. காலையில் குளித்து, பையை மாட்டி, அதே பேருந்தில் ஏறி, அதே மையத்தில் அதே நாற்காலியில் உட்கார்வது உங்கள் தம்பி போன்றவர்களுக்கு வெறும் பழக்கம் அன்று. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்தால்தான் அவர்கள் மனம் அமைதியாக இருக்கும். அது ஒரே இரவில் நின்றது, ஏன் நின்றது என்று விளக்கவும் முடியவில்லை. பையோடு கதவருகே நிற்கும் வளர்ந்த மகனைத் தினமும் உள்ளே இழுத்துவந்தது அம்மாவின் கைகள்தான். பிரான்ஸ் நாடு 2020 ஏப்ரல் 2 அன்றே ஆட்டிசம் உள்ளவர்கள் வெளியே சென்றுவர விதிகளைத் தளர்த்தியது. பிரிட்டனும் அதே மாதத்தில், ஒரு நாளைக்கு ஒருமுறைக்கு மேல் வெளியே போக அவர்களுக்கு அனுமதி தந்தது. நம் மத்திய அரசும் பராமரிப்பாளர்களுக்குப் பாஸ் தர வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் காவலர் நிறுத்தும் தெருமுனையில் அந்தக் காகிதத்தைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு. கூட்டமும் கேலியும் இல்லாத அந்த மாதங்களில் நிம்மதி அடைந்த ஆட்டிசம் உள்ளவர்களும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். உங்கள் தம்பி அப்படிப்பட்டவர் அல்லர். 2021இல் இரண்டாவது முறை கர்நாடகம் அடைக்கப்பட்டபோது உங்கள் அப்பாவும் போய்விட்டார். சொந்தபந்தம் கூடி அழவும் வழியில்லாத காலம் அது. அந்தத் துக்கத்தை ஆற்ற அம்மாவுக்கு ஒரு நாள்கூட ஓய்வு கிடைத்திருக்காது, ஏனென்றால் மகனைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு விடுப்பு கிடையாது. "கதவை அடைச்சாங்கன்னா" என்று அவர் சொல்லும்போது வைரஸைப் பற்றிப் பேசவில்லை, அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றிப் பேசுகிறார். மருத்துவரிடம் இந்த வரலாற்றை முழுமையாகச் சொல்லுங்கள், அப்பாவின் மரணத்தை விட்டுவிடாதீர்கள்.

இப்போது தம்பி. வலது கன்னத்தில் அறைந்துகொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள்; அந்த 'வலது' என்ற ஒரு சொல்லுக்காக அவனை இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள், காதையும் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்கள் வலிக்கும் இடத்தை அடித்துக்கொள்வார்கள். கடைவாய்ப் பல்லின் சொத்தையை "நடத்தைக் கோளாறு" என்று நினைத்து மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனவர்கள் பலர். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல்வலியாக இருந்தால் தூக்கமின்மைக்கும் அங்கேயே பாதிக் காரணம் கிடைத்துவிடும்.

இருமலோடு தொடங்கும் அந்தப் பழைய அறிவிப்பை அவன் திரும்பச் சொல்வது நோய் முற்றியதன் அடையாளம் அன்று. என்றோ கேட்ட வாசகங்களைத் தன் நிலையைச் சொல்வதற்காக எடுத்துப் பயன்படுத்துவது ஆட்டிசத்தில் சாதாரணம். எப்போது சொல்கிறான் என்று இரண்டு நாள் கவனியுங்கள். அம்மா கதவுப் பிடியில் சானிடைசர் தெளித்துத் துடைக்கும்போது, மளிகைப் பையைக் கழுவும்போது, முகக்கவசத்தை எடுக்கும்போது சொல்கிறான் என்றால், "இது அந்தக் காலம் போல இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அவனுக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறான். "கொரோனா இல்லை. மையம் திறந்திருக்கிறது. திங்கட்கிழமை போகலாம்" என்று சிறு சிறு வாக்கியங்களாகப் பதில் சொல்லுங்கள், மையத்தின் புகைப்படத்தைக் காலண்டரில் அந்தத் தேதியில் ஒட்டிக் காட்டுங்கள். சொன்ன நாளில் அனுப்பிவிடுங்கள். முதல் வாரம் அரை நாள் போதும். அவன் மையத்துக்குப் போகும் அந்த நேரம்தான் அம்மாவுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு என்பதால், இது அம்மாவின் சிகிச்சையிலும் ஒரு பகுதி.

ஸ்டெம் செல் ஊசி வேண்டாம். அது ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. விளம்பரம் செய்பவர்கள் உங்கள் சேமிப்பைக் கரைப்பார்கள். பாலும் கோதுமையும் தம்பிக்கு ஒவ்வாமை தருவதாக மருத்துவர் கண்டறியாதவரை, அவன் விரும்பிச் சாப்பிடும் சில பண்டங்களைப் பறிக்காதீர்கள்.

உங்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்ற அம்மாவின் கவலைக்கு ஆறுதல் வார்த்தையைவிட உறுதியான ஏற்பாடு உதவும். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன் கீழ், 18 வயது கடந்த ஆட்டிசம் உள்ளவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட நிர்வாகத்தின் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம், உடன்பிறந்தவரும் பாதுகாவலராகலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யூடிஐடி இல்லையென்றால் அதற்கும் விண்ணப்பியுங்கள். பாதுகாவலராகும் பொறுப்பு உங்களுக்கு வேண்டுமா, எந்த அளவுக்கு வேண்டும் என்பதை நீங்கள் சுதந்திரமாக யோசித்து முடிவெடுக்க வேண்டும். அழுகையின் நடுவே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இந்தக் காகித வேலைகள் எல்லாம் அம்மா சற்றுத் தெளிந்து, தூங்கத் தொடங்கிய பிறகு அவரோடு உட்கார்ந்து செய்ய வேண்டியவை. இந்த வாரத்தில் மருத்துவரைப் பார்ப்பதும், மாத்திரைகளைப் பூட்டுவதும், தம்பியின் பல்லைக் காட்டுவதும் நடந்தால் போதும்.