டிரைவர் லாஃப்ட்: 9-ஆ, 10.5-ஆ, 12-ஆ?
கோல்ஃப் வாசகர் கேள்வி – பதில். டிரைவர் என்பது முதல் அடியைத் தூரமாக அடிக்கும் மட்டை; லாஃப்ட் என்பது பந்தைத் தொடும் அதன் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்.

நந்தனம் மைதானத்தில் இரண்டு வருஷமாக ஆடுகிறேன். கையில் இருப்பது நண்பர் கொடுத்த 9 டிகிரி டிரைவர். மானிட்டரில் (அடியின் வேகம், கோணம் அளக்கும் கருவி) ஸ்விங் வேகம், அதாவது மட்டை வீசும் வேகம், மணிக்கு 88 மைல் என்று வந்தது. பந்து தாழ்வாகவே போய் 175 யார்டில் விழுந்துவிடுகிறது. லாஃப்ட் கூடினால் பந்து உயரம்தான் போகும், தூரம் போகாது என்கிறார்கள். 10.5 வாங்குவதா, 12 வாங்குவதா?
– வாசகர், வேளச்சேரி

உங்கள் வேகத்துக்கு 9 டிகிரி போதாது. 88 மைல் வேகத்தில் பந்து முகத்தின் நடுவில் பட்டு, சரியான கோணத்தில் கிளம்பினால், காற்றிலேயே 200 யார்டை ஒட்டிப் போக வேண்டும். நீங்கள் இழக்கும் 25 யார்டில் பெரும்பகுதி தாழ்வாகக் கிளம்புவதால் போகிறது.

'லாஃப்ட் கூடினால் தூரம் குறையும்' என்பது அயர்ன்களை (குறைந்த தூரத்துக்கான மட்டைகள்) பார்த்து வந்த நம்பிக்கை. டிரைவரில் கணக்கு வேறு. மெதுவாகப் போகிற பந்து காற்றில் நிற்க வேண்டுமானால் உயரமாகக் கிளம்பியாக வேண்டும். அடியை அளக்கும் ரேடார் கருவி செய்யும் டிராக்மேன் முன்பு வெளியிட்ட டூர் (தொழில்முறைப் போட்டி) சராசரிகளைப் பாருங்கள். பிஜிஏ டூர் ஆண்களின் ஸ்விங் வேகம் 113 மைல், பந்து கிளம்பும் கோணம் ஏறக்குறைய 11 டிகிரி. எல்பிஜிஏ வீராங்கனைகளின் வேகம் 94 மைல், கோணம் 13 டிகிரி. சுழற்சி இருவருக்கும் நிமிடத்துக்கு 2,600 முதல் 2,700 வரை. 88 மைல்காரர் பார்த்துப் பழக வேண்டியது இந்த வீராங்கனைகளின் ஆட்டத்தைத்தான்.

இனி முக்கியமான விஷயம். டிரைவரின் அடியில் அச்சடித்திருக்கும் எண், பந்தைத் தொடும் நொடியில் முகம் காட்டும் லாஃப்ட் அல்ல. கைகள் முன்னே சாய்ந்தால் அது குறையும். ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) முன்னோக்கி வளைந்தால் கூடும். பந்து கிளம்பும் கோணத்தில் சுமார் 85 சதவீதம் இந்த உண்மையான லாஃப்ட்டிலிருந்தும், மிச்சம் 15 சதவீதம் மட்டையின் தலை மேலேறி வருகிறதா, கீழிறங்கி வருகிறதா என்பதிலிருந்தும் வருகிறது.

ஒருவர் 4 டிகிரி கீழ்நோக்கி அடிக்கிறார், தொடும்போது லாஃப்ட் 11 என்று வையுங்கள். பந்து 9 டிகிரிக்கும் குறைவாகவே கிளம்பும். இன்னொருவர் 2 டிகிரி மேல்நோக்கி அடிக்கிறார், லாஃப்ட் 15. அவர் பந்து 13 டிகிரியில் கிளம்பும். சுழற்சியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது லாஃப்ட்டுக்கும் தலை வரும் கோணத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி. முதல் ஆளுக்கு 15, இரண்டாமவருக்கு 13. அதாவது தாழப் போகிற பந்துதான் அதிகம் சுழல்கிறது! கீழ்நோக்கி அடிப்பவர் இரண்டு பக்கமும் நஷ்டப்படுவது இதனால்தான். அவர் லாஃப்ட் மட்டும் கூட்டினால் உயரம் கிடைக்கும், கூடவே சுழற்சியும் ஏறும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் டீயை (பந்தைத் தாங்கும் சிறு குச்சி) பாருங்கள். டிரைவரைத் தரையில் வைத்தால் பந்தின் மேல்பாதி தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். 2¾ அங்குல டீ பலருக்குப் போதாது. 3¼ அங்குலம் வாங்கி வையுங்கள். வலக்கைக்காரர் என்றால் பந்து இடது குதிகாலுக்கு உள்பக்கம் இருக்கட்டும், வலது தோள் இடதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். இதிலேயே சிலருக்குப் பாதிக் கோளாறு தீர்ந்துவிடும்.

பிறகு சோதனை. ஒரே ஷாஃப்ட்டில் 9, 10.5, 12 மூன்றையும் மாற்றி மாற்றி அடியுங்கள். ஷாஃப்ட்டும் சேர்ந்து மாறினால் எதனால் என்ன நடந்தது என்று சொல்லவே முடியாது. ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து, ஆனால் பத்தையும் ஒரே மூச்சில் அடிக்காதீர்கள். மூன்று, மூன்றாகச் சுற்றி வாருங்கள். இல்லாவிட்டால் கடைசியில் வரும் டிரைவர்மேல் உங்கள் களைப்பு ஏறிவிடும். சென்னை வெயிலில் காலை எட்டு மணிக்குமேல் எடுத்த எண்களை நம்ப வேண்டாம்; வியர்த்த கை பிடியை இறுக்கும், வேகம் இறங்கும். ஒவ்வொரு பத்திலும் மோசமான இரண்டைத் தள்ளிவிட்டு, காற்றில் போன தூரத்தின் சராசரியையும் இடவலச் சிதறலையும் எழுதுங்கள். கோணம் 13 முதல் 15, சுழற்சி 2,300 முதல் 2,800 என்பது உங்கள் இலக்கு.

எங்கள் கணிப்பு: 10.5-இல் தொடங்கி 12-இல் முடிப்பீர்கள். இரண்டும் சமமாக வந்தால் 12-ஐ எடுங்கள், நேராகப் போகும்.

பொதுவாகத் தொடங்கும் இடம் இது: 75 மைலுக்குக் கீழே 13 அல்லது அதற்கு மேல், 75–85க்கு 12, 85–95க்கு 10.5 முதல் 12, 95–105க்கு 9.5 முதல் 10.5. அதற்கு மேல் வேகம் உள்ளவர்களுக்கே 9-ம் அதற்குக் கீழும். இங்கிருந்து எந்தப் பக்கம் நகர்வது என்பதை மானிட்டர் சொல்லட்டும்.

என் பந்து எப்போதும் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போகிறது. லாஃப்ட் கூட்டினால் ஸ்லைஸ் போய்விடும் என்று கேடி (மட்டைப் பையைச் சுமந்து வரும் உதவியாளர்) சொல்கிறார். உண்மையா?
– வாசகர், அடையாறு

குறையும், போகாது. ஸ்லைஸின் காரணம், ஸ்விங் போகும் பாதைக்கு முகம் திறந்திருப்பது, அதாவது வலப்பக்கம் பார்ப்பது. பந்து பின்னோக்கிச் சுழலும் அச்சு வலப்பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான் ஸ்லைஸ். லாஃப்ட் கூடும்போது பின்சுழற்சி கூடுவதால் அதே தவறுக்கு அச்சு குறைவாகச் சாயும். முகம் பாதைக்கு 4 டிகிரி திறந்திருக்கிறது என்றால், குறைந்த லாஃப்ட்டில் அச்சு சுமார் 22 டிகிரி சாயும் இடத்தில், 4 டிகிரி கூடுதல் லாஃப்ட்டில் 16 டிகிரிதான் சாயும். அது மரத்துக்கும் ரஃப்புக்கும் (ஓரத்து நீள்புல்) உள்ள வித்தியாசம். கேடி சொன்னதைக் கேளுங்கள், ஆனால் பிடியையும் பாதையையும் கோச்சிடம் காட்டுங்கள்.

ஸ்லீவை (ஷாஃப்ட் தலையோடு சேரும் இடத்து உறை) திருப்பினால் லாஃப்ட் மாறும் டிரைவர் வாங்கினேன். 10.5-ஐ 9 ஆக்கினேன், பந்து முன்பைவிட வலப்பக்கம் போகிறது. டிரைவர் கெட்டுவிட்டதா?
– வாசகர், அண்ணா நகர்

கெடவில்லை. ஸ்லீவ் ஷாஃப்ட்டின் சாய்வைத்தான் மாற்றுகிறது. லாஃப்ட்டைக் குறைத்தால், தலையைத் தரையில் வைக்கும்போது முகம் திறக்கும்; கூட்டினால் மூடும். வலப்பக்கம் அடிக்கிறவர் லாஃப்ட்டைக் குறைப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது போல. 10.5-க்கே திரும்புங்கள், அல்லது 11.5 வைத்துப் பாருங்கள்.

திருப்பும் முறையிலும் கவனம் தேவை. டிரைவரோடு வந்த ரெஞ்சையே பயன்படுத்துங்கள். திருகை முழுவதும் கழற்றி, ஸ்லீவை வெளியே இழுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணைப் பார்த்து மறுபடி உட்கார வையுங்கள். ஸ்லீவுக்கும் தலைக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி இருந்தால் பற்கள் பொருந்தவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் இறுக்கினால் பற்கள் நசுங்கும். ரெஞ்ச் 'டக்' என்று ஒலித்ததும் நிறுத்துங்கள். சாதாரண சாவியால் பலமாக இறுக்கினால் மரை போய்விடும். தளர்வாக விட்டால் அடிக்கும்போது கிறீச்சிடும். கடற்காற்று ஊரில் திருகு துருப்பிடிக்க நாளாகாது. மழையில் ஆடிவிட்டு வந்தால் பையின் உறையைக் கழற்றி உலர விடுங்கள்.

போட்டியில் ஆட்டம் தொடங்கியபின் இதைத் தொடவே கூடாது. விதி 4.1-இன்படி, ஆட்டத்தின் நடுவில் லாஃப்ட்டை மாற்றிவிட்டு அந்த டிரைவரால் ஒரு அடி அடித்தாலே தகுதி நீக்கம்.

ஸ்விங் வேகம் 70 மைல். 12 டிகிரி டிரைவர். பந்து மேலே ஏறி, நின்று, செங்குத்தாக விழுகிறது. கணவர் 10.5-க்கு மாறச் சொல்கிறார்.
– வாசகி, திருவான்மியூர்

மாறாதீர்கள். 70 மைலுக்கு 12 டிகிரி அதிகமே இல்லை. பந்து ஏறி நிற்பது பெரும்பாலும் சுழற்சியின் வேலை, அந்தச் சுழற்சி முகத்தின் அடிப்பகுதியில் பந்து படுவதால் வருகிறது.

டிரைவர் முகம் தட்டையானதல்ல, மேலும் கீழும் வளைந்தது. நடுவிலிருந்து அரை அங்குலம் மேலே பட்டால் லாஃப்ட் சுமார் 2 டிகிரி கூடும், அதோடு சுழற்சி குறையும். கீழே பட்டால் நேர்மாறு. எனவே ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்புறத்தில் ஒரு ரூபாய் நாணயத்தளவு வட்டம் தீட்டி, அது முகத்தைப் பார்க்குமாறு டீயில் வைத்து அடியுங்கள். முகத்தில் கருப்புத் தடம் அப்படியே ஒட்டியிருக்கும். கைக்குட்டையால் துடைத்துவிட்டு அடுத்தது. ஐந்து அடியில் மூன்று கீழ்ப்பாதியில் விழுந்தால் டீயைச் சற்று உயர்த்துங்கள். தலையின் மேல்பக்கத்தில் வெள்ளைக் கீறல் தெரிந்தால் பந்துக்கு அடியில் போகிறீர்கள். அப்போது டீயைத் தாழ்த்துங்கள். தடம் நடுவுக்கு வந்தபின்னும் பந்து ஏறி நின்றால், 12-ஐ விடாமல் லேசான ஷாஃப்ட்டை யோசிக்கலாம்.

பிற்பகல் கடற்காற்று எதிரே வீசும்போது லாஃப்ட் குறைந்த டிரைவர் உதவுமா?
– வாசகர், மயிலாப்பூர்

ஒரு நாள் காற்றுக்காக டிரைவர் வாங்க வேண்டாம். டீயை மிகவும் தாழ்த்தினால் பந்து முகத்தின் அடியில் பட்டுச் சுழற்சி கூடும், எதிர்காற்று அதைத் தூக்கிவிடும். டீயை அப்படியே விட்டு, பிடியில் ஒரு அங்குலம் இறங்கி, முக்கால் ஸ்விங் அடியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஃபேர்வே (வெட்டிய புல்தரை) ஈரமாக இருக்கும்போது உருளும் தூரமே கிடைக்காது; அந்த மாதங்களில் உயரமாகப் போகிறவருக்குத்தான் லாபம்.

ரேஞ்ச் (பயிற்சித் திடல்) பந்தில் எடுத்த எண்களை நம்பலாமா?
– வாசகர், தாம்பரம்

இரண்டு டிரைவர்களை ஒப்பிட நம்பலாம், தூரத்துக்கு நம்ப வேண்டாம். தேய்ந்த பந்து தாழ்வாகவும் குட்டையாகவும் போகும். வாங்குவதை முடிவு செய்யும் நாளில் நீங்கள் ஆடும் பந்திலேயே ஆறு எடுத்துச் செல்லுங்கள். வலைக்குள் ரேடார் வைத்து அளந்தால், பந்தில் உலோகப் புள்ளி ஒட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சுழற்சி எண் பெரும்பாலும் ஊகம்தான்.