1966 எம்ஜிபியில் கருகிப்போன எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல்

வணக்கம். உங்கள் 1966 எம்ஜிபி காரில், இக்னிஷன் காயிலுக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயின்ட்டை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக எலக்ட்ரானிக் மாட்யூலைப் பொருத்தியதும், சாவியைத் திருப்பியவுடனேயே அது கருகிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே பாடியுடன் இணைக்கப்பட்டிருக்கும். நெகட்டிவ் எர்த்துக்கான (அதாவது நெகட்டிவ் முனை பாடியுடன் இணைந்த வண்டிக்கான) மாட்யூலை அதில் பொருத்தினால் மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும். முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், எந்த முனையின் கேபிள் பாடிக்குப் போகிறது என்பதை முதலில் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பாசிட்டிவ் எர்த்தாகவே இருந்தால், அதற்கென விற்கும் மாட்யூலை வாங்குவதே என் பரிந்துரை. வண்டியை நெகட்டிவுக்கு மாற்றினால் இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டருக்குள்ளும் கை வைக்க வேண்டிவரும். கழற்றிய பாயின்ட்டையும் கண்டென்சரையும் தயவுசெய்து வீசிவிடாதீர்கள். மாட்யூல் வழியில் செயலிழந்தால், பாயின்ட்டில் 0.015 அங்குல இடைவெளி வைத்து அவற்றையே மாட்டிக்கொண்டு வீடு சேரலாம்.