நால்வரை வைத்து ஆர்க்கெஸ்ட்ரா பாப் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிட்டாரும் குரலுமாகப் பாட்டு எழுதி வெளியிட்டு வருகிறேன். அந்த வரிசையில் சேராத ஐந்து பாடல்கள் கையில் இருக்கின்றன. படத்தின் பின்னணி இசைபோல விரிந்து எழும் ஆர்க்கெஸ்ட்ரா பாப்பாக, வேறொரு பெயரில் தனி ஈபியாக (ஆல்பத்தைவிடச் சிறிய பாடல் தொகுப்பு) அவற்றைக் கொண்டுவர ஆசை. தி லாஸ்ட் ஷாடோ பப்பெட்ஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் 2008 ஆல்பத்தின் ஒலி மனதில் இருக்கிறது. சாம்பிள் லைப்ரரியில் (நிஜ வாத்திய ஒலிகளைப் பதிந்து வைத்த மென்பொருள்) டெமோ செய்து பார்த்தேன். வயலின்கள் கீபோர்டு போலவே கேட்கின்றன. ட்ராக் சேர்க்கச் சேர்க்கப் பாட்டு பெரிதாகாமல் குழம்புகிறது. ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட்டை (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ) ஒரே ஒரு நாள் அழைக்க மட்டுமே என்னிடம் பணம் உண்டு. அவர்களை எத்தனை முறை மேலே மேலே வாசிக்க வைத்தால் ஆர்க்கெஸ்ட்ரா ஒலி வரும்?

எம்.

அன்புள்ள எம்.,

எத்தனை முறை என்பதற்கு முன்னால், டெமோ ஏன் குழம்புகிறது என்று பார்த்துவிடுவோம். அது தீராமல் நால்வரை அழைத்தால் அதே குழப்பம்தான் நல்ல மைக்கில் பதிவாகும்.

உங்கள் பாடல்கள் கிட்டாரில் பிறந்தவை. ஆறு தந்தியையும் சேர்த்து அடிக்கும்போது சுமார் 80 ஹெர்ட்ஸிலிருந்து மேலே நெடுந்தூரம் இடம் நிரம்பிவிடுகிறது. வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவும், அதைவிடப் பெரிய செல்லோவின் மேல்தந்திகளும் பேசவேண்டிய இடம் அதுதான். உங்கள் குரலும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே முதல் வேலை, டெமோவில் கிட்டாரை மியூட் செய்து, குரலோடு பாஸ் வரியை மட்டும் ஓடவிட்டுக் கேட்பது. பாட்டு நிற்கிறதா? நிற்கும் இடங்களில் கிட்டார் திரும்ப வரவேண்டியதில்லை. நிற்காத இடங்களில் இரண்டு மூன்று தந்திகளை மட்டும் மீட்டினால் போதும். பீட்டில்ஸின் ‘எலனோர் ரிக்பி’ (1966) பாட்டில் கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ, மேலே குரல்கள். எட்டுப் பேர்தான். அவ்வளவு பெரிதாக அது ஒலிப்பதற்கு, போட்டிக்கு வேறு வாத்தியம் இல்லாததும் மைக்குகளை மிக நெருக்கமாக வைத்ததும் முக்கியக் காரணங்கள்.

அடுத்தது, கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) கீபோர்டில் இரண்டு கையாலும் அமுக்கிப் பதிவு செய்யும் பழக்கம். பெரும்பாலான லைப்ரரிகளில் ‘வயலின்ஸ்’ என்ற ஒரு பேட்சே (ஒரு பொத்தானில் கிடைக்கும் ஒலித் தேர்வு) பதினான்கு, பதினாறு பேர் சேர்ந்து வாசித்த ஒலி. அதில் மூன்று ஸ்வரத்தைச் சேர்த்து அமுக்கினால் நாற்பதுக்கு மேற்பட்ட வயலின்கள். வழக்கமான எந்த ஆர்க்கெஸ்ட்ராவிலும் அது கிடையாது. காது உடனே சந்தேகப்படும். ஒவ்வொரு வரியையும் தனித்தனி ட்ராக்கில், பாடக்கூடிய மெட்டாக எழுதுங்கள். கீழே இடைவெளி அகலமாக இருக்கட்டும். செல்லோவின் கீழ்த்தந்திப் பகுதியில் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) அல்லது ஐந்தாம் ஸ்வரம் (பஞ்சமம்) போதும், மூன்றாம் ஸ்வரத்தை (காந்தாரம்) அங்கே வைத்தால் சேறாகிவிடும். நெருக்கமான கார்டுகள் மேலே போகட்டும்.

குரலோடு உறவு இப்படி: குரல் அசையும்போது தந்தி வாத்தியங்கள் நீண்ட ஸ்வரத்தில் நிற்கட்டும், குரல் வரி முடிவில் நிற்கும்போது அவை நகரட்டும். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிக் குழப்பம் போய்விடும். கடைசிச் சரணத்தை, அதாவது பாட்டின் உச்சத்தை, முதலில் எழுதிவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். முதல் கோரஸிலேயே வயலின்கள் குரலுக்கு ஒரு ஆக்டேவ் மேலே ஏறிவிட்டால் பிறகு ஏற இடமில்லை. மிக்ஸில் ஒலியளவைக் கூட்டித்தான் சமாளிக்க வேண்டியிருக்கும். அது சினிமா ஒலி அல்ல, வெறும் இரைச்சல்.

நீங்கள் சொன்ன ஆல்பத்தில் தந்தி அரேஞ்ச்மென்ட் செய்தவர் ஓவன் பாலெட், அவரே வயலின் வாசிப்பவர். வாசித்தது லண்டன் மெட்ரோபாலிடன் ஆர்க்கெஸ்ட்ரா. பாட்டு எழுதுகிறவரே தந்திக்கும் எழுத வேண்டும் என்று சட்டமில்லை. உங்கள் வரிகளை வயலின் தெரிந்த ஒருவரிடம் ஒரு மாதம் முன்னால் காட்டிவிடுங்கள். இந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். பதிவு நாளில் வீணாகும் ஒரு மணி நேரம் இதைவிட அதிக விலை.

இப்போது உங்கள் கேள்வி. நால்வரையும் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவதை அடுக்கு என்போம். ஐந்து பாட்டுக்கும் அது வேண்டாம். மூன்று பாட்டை அடுக்குங்கள், இரண்டை வெறும் குவார்டெட்டாகவே விடுங்கள். அந்த வேறுபாடுதான் மற்ற மூன்றையும் பெரிதாகக் காட்டும். மூன்று அடுக்கு போதும். இரண்டில் நிறுத்த வேண்டாம். ஒரே ஸ்வரத்தை இரண்டு வயலின்கள் வாசித்தால் சுருதியின் நூலிழை வித்தியாசம் பச்சையாகத் தெரியும். மூன்றிலிருந்து அது கலந்து ஒரு கூட்டமாக மாறும்.

அதே ஆள், அதே நாற்காலி, அதே மைக் என்று மூன்று முறை எடுத்தால் தோற்றுவிடும். அதே வாத்தியத்தின் குணம், அதே கை நடுக்கம், அறையின் அதே எதிரொலி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே ஒரு தடித்த வயலினாகக் கேட்கும். முதல் அடுக்கு எழுதியபடி. இரண்டாவதில் வயலின்காரர்கள் இருவரும் பார்ட்டை (அவரவர் வாசிக்கும் வரியை) மாற்றிக்கொள்ளட்டும், எல்லோரும் இடம் மாறி உட்காரட்டும், மைக்கை ஒரு மீட்டர் பின்னால் தள்ளுங்கள். முடிந்தால் இரவல் வாத்தியம் ஒன்றைக் கொடுங்கள். மூன்றாவதில் இரண்டு வயலின்களும் முதல் வயலின் வரியையே வாசிக்கட்டும், செல்லோ ஓய்வெடுக்கட்டும். கீழ்ஸ்தாயியில் இரண்டு அடுக்குக்கு மேல் போனால் ஒலி உப்பும். முந்தைய அடுக்கை ஹெட்போனில் ஒரு காதில் மட்டும், மெதுவாகக் கொடுங்கள். சத்தமாகக் கொடுத்தால் தங்கள் வாத்தியம் தங்களுக்கே கேட்காமல் சுருதி விலகும்.

வயலினின் ஒலி பெரும்பாலும் மேல்நோக்கிப் பரவுவது. இரண்டு மைக்குகளைத் தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில், அரைவட்டத்துக்கு முன்னால் வையுங்கள். கூடவே ஒவ்வொருவருக்கும் ஒரு மீட்டர் தூரத்தில் ஒன்று. கூரை தாழ்ந்த அறை என்றால் மேலே மோதித் திரும்பும் ஒலி பெட்டிக்குள் வாசிப்பதுபோல ஆக்கிவிடும். அங்கே உயர மைக்கைக் கீழே இறக்கி, அருகிலுள்ள மைக்குகளையே நம்புங்கள்.

பதிவு நாளை மூன்று மணி நேர செஷன் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உச்சஸ்தாயியில் ஓங்கி வாசிக்கும் பாட்டு காலையில் முதலில். கை சோர்ந்தபின் மேல் ஸ்வரங்களில் சுருதி நிற்காது. பார்ட் தாள்களில் பார் எண் (தாளச் சுற்றின் எண்), வில் வீச்சு, ஒலியளவுக் குறிகள் எல்லாம் இருக்கட்டும். வியோலாவுக்கு ஆல்டோ கிளெஃபில் (வியோலாவுக்கு உரிய ஸ்வரக் குறியீடு) எழுதுங்கள். பக்கம் புரட்டும் இடத்தில் ஓய்வு இல்லையென்றால் காகிதச் சத்தமும் பதிவாகும். நால்வரும் கேட்டு வாசிக்கும் உங்கள் கைடு கிட்டாரின் (வழிகாட்டிப் பதிவின்) சுருதியை முந்தின நாளே சரிபாருங்கள். கேபோ (கிட்டார் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டதில் சற்றே ஏறியிருந்தால் நால்வரும் அதற்கும் 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதிக்கும் இடையில் தடுமாறுவார்கள். ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக்கைக் கடைசி பாரோடு நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் கடைசிக் கார்டு அடங்கும் அமைதியில் ஹெட்போனிலிருந்து டிக் டிக் என்று கசியும்.

சாம்பிள்களைத் தூக்கி எறிய வேண்டாம். நிஜ அடுக்குக்கு அடியில், குறைந்த ஒலியளவில் அவை நல்ல படுக்கை. டபுள் பாஸ், ஹார்ன், டிம்பனி எல்லாம் அங்கிருந்தே வரட்டும். லெகாட்டோ (ஸ்வரங்களை இழைத்து வாசிக்கும்) பேட்சுகளில் ஸ்வரம் தாமதமாகத்தான் பேசும். பல லைப்ரரிகளில் 100 மில்லிசெகண்டுக்கு மேல். கிரிட்டில் (மென்பொருளின் தாளக் கட்டத்தில்) நேராக வைத்தால் எப்போதும் பின்தங்கியே கேட்கும். ட்ராக் முழுவதையும் அந்த அளவுக்கு முன்னால் நகர்த்துங்கள். மாட் வீலை (ஒலியின் ஏற்ற இறக்கத்தை மாற்றும் கீபோர்டுச் சக்கரத்தை) ஒவ்வொரு வரிக்கும் தனியாக ஓட்டிப் பதிவு செய்யுங்கள், நகலெடுத்து ஒட்டாதீர்கள். நிஜத்துக்கும் சாம்பிளுக்கும் ஒரே ரிவெர்ப் (செயற்கை அறை முழக்கம்), இரண்டு விநாடியைச் சுற்றி, ப்ரீ-டிலே (முழக்கம் தொடங்கும் முன் உள்ள இடைவெளி) 20 முதல் 40 மில்லிசெகண்டு. ரிவெர்ப்பிலிருந்து வரும் ஒலியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். குரலுக்கு இதே ரிவெர்ப்பைக் கொஞ்சம் மட்டும் கொடுங்கள். பாடுகிறவர் முன்னால் நிற்க, ஆர்க்கெஸ்ட்ரா பின்னால் விரியும்.

வாசித்தவர்களோடு ஊதியம், பதிவின் உரிமை, பெயர் குறிப்பிடும் விதம் ஆகியவற்றைப் பதிவுக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அரேஞ்ச்மென்ட் செய்தவரின் பெயர் ஈபியின் விவரங்களில் தனியாக வரவேண்டும்.