மெலிந்த உடம்புக்கும் சீனி வருமா?

கேள்வி: வயது 34, உயரம் 158 சென்ரிமீற்றர், எடை 62 கிலோ. என்னைக் குண்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது கூடிய சீனி, பிறந்ததும் இறங்கிவிட்டது. அப்பாவுக்குச் சீனி வருத்தம் உண்டு. போன மாதம் வெறும் வயிற்றில் 112. 'போடர்லைன்தானே' என்கிறார்கள். அப்படியே விடலாமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: விடக்கூடாது. உங்கள் வயதையும் எடையையும் விடக் கனமான தகவல் அந்தக் கர்ப்பகாலச் சீனிதான். அப்போது இன்சுலினை எதிர்த்து நின்றவை நஞ்சுக்கொடியின் ஹோர்மோன்கள். நஞ்சுக்கொடி வெளியேறியதும் அளவு இறங்கியது. ஆனால் இன்சுலினைச் சுரந்து அந்தச் சுமைக்கு ஈடுகொடுக்காத கணையம் இன்னும் அதே கணையம்தான். போதாததற்கு அப்பா வழியும் இருக்கிறது.

உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் கணக்கு, 24.8. பொதுவான எல்லை 25 என்பதால் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். தெற்காசியருக்கு 23இலேயே கவனம் வேண்டும். நமக்குக் கொழுப்பு வயிற்றுக்குள்தான் அதிகம் சேர்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் அளவுநாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் அளந்து பாருங்கள். பாவாடை நாடா கட்டும் இடம் கணக்கில்லை. பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 எல்லை.

112 நீரிழிவு இல்லை. அதற்கு 126 வேண்டும். ஆனால் சிலருக்கு வெறும் வயிற்றில் அடங்கியிருக்கும் சீனி, சாப்பிட்ட பிறகே ஏறும். ஆகவே வைத்தியரிடம் குளுக்கோஸ் சோதனை கேளுங்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணித்தியாலத்தில் இரத்தம் கொடுக்க வேண்டும். 140க்குக் கீழ் நல்லது, 200 தொட்டால் நீரிழிவு. முதல்நாள் இரவுச் சாப்பாட்டிலிருந்து எட்டு மணித்தியாலமாவது தண்ணீர் மட்டும், பிளேன்டீகூடக் கூடாது. 'டெஸ்ற் வருகுதே' என்று மூன்று நாளாகச் சோற்றைக் குறைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் முடிவு பிழைக்கும், வழக்கம்போலச் சாப்பிடுங்கள்.

நீரிழிவு இல்லையென்று வந்தால் நாலரைக் கிலோ குறைப்பதும், வாரம் 150 நிமிடம் வேக நடையும் இலக்கு. சோதனையை ஆண்டுதோறும் செய்யுங்கள். அடுத்த பிள்ளைக்கு யோசிக்கிறீர்கள் என்றால் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மனைவிக்கு எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் சோதனை) 6.9, அது நீரிழிவு என்கிறது. வெறும் வயிற்றில் 98, அது நல்ல அளவு. ஹீமோகுளோபின் 9. எதை நம்புவது?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஹீமோகுளோபின் 9 என்றால் சோகை இருக்கிறது. அது இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகை என்றால் எச்பிஏ1சி பொய்யாக ஏறும், தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் என்றால் பொய்யாக இறங்கவும் கூடும். முதலில் சோகையின் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். அதுவரை மேலே சொன்ன குளுக்கோஸ் சோதனையை வைத்தே முடிவெடுக்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள்.