வீட்டுக்குள் சுற்றும் குட்டி ஈக்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: அண்ணா, பழக்கூடையைக் காலி செய்து மூன்று நாள் ஆகிறது. ஆனாலும் சிவப்புக் கண் குட்டி ஈ சுற்றிக்கொண்டே இருக்கிறது. எங்கிருந்துதான் வருகிறது?

பதில்: சிவப்புக் கண் என்றால் பழ ஈதான். அதற்குப் பழமே வேண்டும் என்றில்லை, புளித்த ஈரம் எங்கே இருந்தாலும் போதும். குப்பைத்தொட்டியில் பைக்கு அடியில் தேங்கிய தண்ணீர், கழுவாமல் வைத்த பாட்டிலின் கடைசிச் சொட்டு, காயாத மாப் துணி எல்லாவற்றையும் பாருங்கள். என் வீட்டில் ஒருமுறை எல்லாம் துடைத்தும் தீரவில்லை, கடைசியில் வெங்காயக் கூடையைக் கவிழ்த்தால் அடியில் ஒரு உருளைக்கிழங்கு, தொட்டதும் விரல் உள்ளே போய்விட்டது, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழு. அதைத் தூக்கிப் போட்ட பிறகுதான் குறைய ஆரம்பித்தது. முட்டையிலிருந்து ஈயாக 25 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 10 நாள் ஆகும், அதனால் மூன்று நாளில் முடிவு எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: வினிகர் வைத்தேன். ஈ வந்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டுப் பறந்து போய்விடுகிறது.

பதில்: பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டீர்களா? அது இல்லாவிட்டால் ஈ நீர்ப்பரப்பின் மேலேயே நிற்கும், சோப்பு விழுந்தால் அந்தப் பரப்பின் இழுவிசை குறைந்து மூழ்கிவிடும். ஆப்பிள் சைடர் வினிகருக்கு நன்றாக வரும். ஆனால் இது பறக்கும் ஈயை மட்டும்தான் பிடிக்கும், பிறக்கும் இடத்தை நீங்கள்தான் தேட வேண்டும்.

கேள்வி: அக்கம்பக்கத்தில் பழமே இல்லை சார், செடித்தொட்டியைத் தொட்டால் கறுப்பாகக் கொசு மாதிரி கிளம்புகிறது. கடிக்குமா?

பதில்: கடிக்காது. அது பூஞ்சை ஈ, ஈர மண்ணில் முட்டையிடும். வினிகரை நம்பி உட்கார வேண்டாம், தண்ணீர் ஊற்றுவதைக் குறையுங்கள். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும், தட்டில் தேங்கியதையும் கொட்டிவிடுங்கள். புழு இருக்கிறதா என்று பார்க்க உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை மண்மேல் வைத்து இரண்டு மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி போன்ற உடம்பும் கறுத்த தலையுமாக இருந்தால் அதுதான். இளநாற்றாக இருந்தால் தாமதிக்காதீர்கள், வேரைத் தின்றுவிடும். பிடிஐ என்ற பாக்டீரியா மருந்தை, பொட்டலத்தில் சொன்ன அளவில் தண்ணீரில் கலந்து சில வாரம் தொடர்ந்து ஊற்றுங்கள். பறப்பவற்றுக்கு மஞ்சள் ஒட்டு அட்டை.

கேள்வி: குளியலறைச் சுவரில் பஞ்சு ஒட்டிய மாதிரி ஈ. பிளீச்சிங் ஊற்றியும் போகவில்லை.

பதில்: சாக்கடை ஈ. குழாயின் உள்சுவரில் படிந்த வழவழப்பான பாசியில் புழு இருக்கும், பிளீச்சிங் அதன் மேலே வழிந்து போய்விடும். நீளப் பிரஷ் விட்டு நன்றாகத் தேய்த்து, சுடுதண்ணீரால் அலசுங்கள். எந்தக் குழாய் என்று தெரியாவிட்டால் இரவு வடிகால் வாயில் டேப்பை, ஒட்டும் பக்கம் கீழாக, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். காலையில் ஈ ஒட்டியிருந்தால் அந்தக் குழாய்தான்.

கேள்வி: ஸ்பிரே அடிக்கலாமா?

பதில்: சாப்பாடு இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். புழுவுக்கு அது எட்டாது, நாலு நாளில் புது ஈ வரும்.

கேள்வி: ஈ உட்கார்ந்த பழத்தைச் சாப்பிடலாமா அண்ணா?

பதில்: தோல் கிழியாமல் கெட்டியாக இருந்தால் கழுவிச் சாப்பிடுங்கள். வெடித்த இடத்திலும் கனிந்து குழைந்த இடத்திலும்தான் முட்டையிடும், அப்படிப்பட்டதை மூடிய பையில் கட்டி உடனே வெளியே போட்டுவிடுங்கள், வீட்டுக் குப்பைத்தொட்டியில் அல்ல.