கொரியத் தொடர்கள் எல்லாம் ஒரே கதைதானே, எப்படிச் சலிக்காமல் பார்க்கிறீர்கள்?

சலிக்கவில்லை என்று யார் சொன்னது? பெரும்பாலும் பதினாறு பகுதியில் முடிகிற கதையில் பதின்மூன்றாம் பகுதி வந்தால் எனக்கும் கொட்டாவி வரும், கை தானாக ரிமோட்டைத் தேடும். ஆனால் பதினான்காம் பகுதியைப் பார்க்காமல் படுக்கப் போனதில்லை. இது ஏன் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தது புதுயுகம் தொலைக்காட்சி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதில் கொரியத் தொடர்களைத் தமிழில் பேச வைத்து ஒளிபரப்பினார்கள். நாங்கள் முதலில் பார்த்தது 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்'. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, அங்கே வந்து சேரும் சலவைக் கடைக்காரர் மகள், அவளைச் சுற்றி நான்கு பையன்கள். அடுப்படியிலிருந்து காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒரே வாரத்தில் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். கதை பிடித்துப்போய் அல்ல. "இது முடிந்துவிடுமாமே!" என்றாள். அப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்த தமிழ்த் தொடர் நான்காவது ஆண்டில் இருந்தது. அதில் ஒரு வளைகாப்பு மட்டும் மூன்று வாரம் நடந்தது.

நீங்கள் 'ஒரே கதை' என்று சொல்வதை நான் மறுக்கவில்லை. நீங்கள் விட்டவற்றை வேண்டுமானால் நானே எடுத்துக் கொடுக்கிறேன். பெரிய கம்பெனியின் வாரிசு. ஏழைப் பெண்ணின் முன்னால் உறையில் பணத்தை வைத்துத் தள்ளும் அவன் அம்மா. ஒரே குடை. குடித்து மயங்கியவளை உப்புமூட்டை தூக்கிப்போவது. பிறப்பு ரகசியம். விபத்து, பிறகு மறதி. அந்த விபத்துக்கென்றே பிறந்த வெள்ளை லாரி. அந்த ஓட்டுநருக்குச் சியோல் நகரத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை ஏதாவது உண்டா என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம்.

இதெல்லாம் நேற்று முளைத்ததும் இல்லை. 2002இல் வந்து ஜப்பான் வரைக்கும் பெண்களைக் கிறுக்காக்கிய 'விண்டர் சொனாட்டா'வில் நாயகன் விபத்தில் நினைவை இழந்து வேறு பெயரோடு திரும்பி வருவான். போதாக்குறைக்குக் காதலர்கள் இருவரும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்களோ என்ற சந்தேகமும் வரும். அதே இயக்குநர் 2000இல் எடுத்த தொடரில் மருத்துவமனையில் குழந்தைகள் மாறிப்போகும், கடைசியில் நாயகிக்கு ரத்தப் புற்றுநோய். இன்னும் கீழே இறங்கினால் 'மக்ஜாங்' என்று கொரியர்களே பெயர் வைத்திருக்கும் வகை இருக்கிறது. அந்தச் சொல்லுக்குச் சுரங்கத்தின் கடைக்கோடி என்று பொருள். 2008இல் தொடங்கிய ஒரு தினசரித் தொடர், 129 பகுதிகள். கணவனால் கடலில் சாகவிடப்பட்ட மனைவி பிழைத்துவந்து, கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மரு வைத்துக்கொண்டு அவனையே மறுபடி கல்யாணம் செய்துகொள்வாள். அவனுக்கு அடையாளம் தெரியாது. எம்.ஜி.ஆர். கன்னத்தில் மரு ஒட்டியதும் வில்லன்கள் குழம்பிப்போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அவர்களைக் கேலி செய்ய என்ன தகுதி இருக்கிறது? 2014இல் ஒரு காலைத் தொடரில் மாமியார் மருமகனைக் கிம்ச்சியாலேயே, அதாவது அவர்கள் ஊர் ஊறுகாயாலேயே, கன்னத்தில் அறைந்தார். இணையத்தில் அந்தத் துண்டு இன்றைக்கும் உலவுகிறது. ஊறுகாய் ஜாடியை வைத்துக்கொண்டு நம்மவர்கள் இதுவரை சும்மா இருப்பது ஆச்சரியம்தான்.

இவற்றில் பாதிக்குக் காரணம் எடுக்கும் முறை. வாரம் இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு பக்கம் ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் அடுத்த வாரத்துக்கானதை எடுப்பார்கள். வசனம் அன்றைக்கு அன்று துண்டுத் துண்டாகப் படப்பிடிப்புக்கு வந்து சேரும். அந்தத் துண்டுக் காகிதங்களுக்கென்றே கொரிய மொழியில் ஒரு தனிச்சொல் இருக்கிறது. தூங்காமல் எழுதுகிறவர் கைக்கு எட்டியதைத்தான் எடுப்பார். எட்டும் தூரத்தில் எப்போதும் நிற்பது லாரி. 2016இல் 'டிசெண்டண்ட்ஸ் ஆஃப் த சன்' தொடரைச் சீனாவிலும் ஒரே நேரத்தில் காட்டுவதற்காக முழுவதும் எடுத்து முடித்த பிறகே ஒளிபரப்பினார்கள். அது பெரிய வெற்றி பெற்றது. அதன் பிறகு, நெட்ஃபிளிக்ஸ் பணமும் வந்து சேர, முன்கூட்டி எடுப்பது பெருகியிருக்கிறது.

விளம்பரம் இன்னொரு தொல்லை. நாயகன் திடீரென்று சாண்ட்விச் கடையில் உட்கார்ந்து, என்னென்ன வைத்துத் தருகிறார்கள் என்று விவரமாகக் கேட்பான். கொலை வழக்கு நடக்கும்போது வழக்கறிஞர் பையிலிருந்து கோப்பிகோ மிட்டாய் எடுத்து நீட்டுவார். இதற்கும் ஒரு காரணம் உண்டு. 2021 வரை கொரியாவின் பெரிய தரைவழி அலைவரிசைகள் நிகழ்ச்சிக்கு நடுவில் விளம்பரம் போடக்கூடாது. அதனால் சில ஆண்டுகள் ஒரு மணி நேரப் பகுதியை இரண்டாக வெட்டி, இரண்டுக்கும் இடையே விளம்பரம் போட்டார்கள். சில தொடர்களுக்குப் பதினாறுக்குப் பதில் முப்பத்திரண்டு பகுதி என்று கணக்குக் காட்டுவது அதனால்தான். மிச்ச விளம்பரம் கதைக்குள்ளேயே ஏறிக்கொண்டது. 'டிசெண்டண்ட்ஸ் ஆஃப் த சன்' தொடரில் ஒரு ராணுவ வீரர் ஓடுகிற காரைத் தானாக ஓட விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவளை முத்தமிடுவார். நான் பதறிப்போய்ச் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொரியப் பார்வையாளர்கள் இதையெல்லாம் வாயை மூடிக்கொண்டு பார்க்கிறவர்கள் அல்லர். அவர்களிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன, நமக்கும் உடனே கடன் வாங்கலாம். கதை இழுத்து, உண்மையைச் சொல்ல வேண்டியவன் சொல்லாமல் நிற்கும்போது 'சர்க்கரைவள்ளிக்கிழங்கு' என்பார்கள். தண்ணீர் இல்லாமல் கிழங்கைத் தின்றால் நெஞ்சை அடைக்குமே, அதுதான். கெட்டவன் முகத்தில் யாராவது நாலு வார்த்தை கேட்டுவிட்டால் அது 'சைடர்'. அங்கே சைடர் என்றால் நம் ஊர்க் கோலி சோடா மாதிரி ஒன்று, அடைத்தது இறங்கிவிடும். கோபம் வந்தாலும் அவர்கள் சும்மா விடமாட்டார்கள். 2004இல் 'லவ்வர்ஸ் இன் பாரிஸ்' தொடரைப் பாதி நாடு உட்கார்ந்து பார்த்தது. கடைசியில் இவ்வளவும் நாயகி எழுதிய திரைக்கதை என்று முடித்தார்கள். அந்த வசவு இன்றுவரை ஓயவில்லை. 2021இல் வரலாற்றைத் திரித்துவிட்டார்கள் என்று எழுந்த எதிர்ப்பில் விளம்பரதாரர்கள் ஒதுங்கிக்கொள்ள, ஒரு சரித்திரத் தொடர் இரண்டே பகுதியோடு நின்றுபோனது.

எனக்குப் பெரிய மனக்குறை 2024இல் வந்த 'குயின் ஆஃப் டியர்ஸ்' மேல். தொடக்கம் அவ்வளவு நன்றாக இருக்கும். இங்கே வாரிசு பெண், கிராமத்திலிருந்து வந்தவன் கணவன். முதல் பகுதியிலேயே அந்தப் பணக்கார வீட்டில் மூதாதையருக்குப் படையல். பெரிய படிப்புப் படித்த மருமகன்கள் வரிசையாக அடுப்படியில் நின்று பலகாரம் சுடுவார்கள், அந்த வீட்டு ரத்தம் ஒன்றுகூட உள்ளே எட்டிப் பார்க்காது. அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நன்றாக வேண்டும்" என்று நான்கு முறை சொன்னாள். விவாகரத்துக் கேட்க நினைத்த அன்று மனைவிக்கு மூளையில் கட்டி என்று தெரிந்து, விட்டதடா தொல்லை என்று அவன் உள்ளுக்குள் மகிழ்வதிலிருந்து மெல்ல மெல்ல மறுபடி காதலிக்கத் தொடங்குவது வரைக்கும் கதை அந்த இருவரின் குணத்திலிருந்தே வரும். கடைசி மூன்று பகுதியில் என்ன ஆயிற்று? ஜெர்மனியில் அறுவை சிகிச்சை. மறதி. வில்லன் சொல்லும் பொய். கணவன்மேல் வண்டி ஏறுகிறது. கடத்தல். துப்பாக்கிச் சூடு. இருபது ஆண்டுச் சாமான் எல்லாவற்றையும் பரணிலிருந்து ஒரே நாளில் இறக்கினால் எப்படி இருக்கும்? இத்தனைக்கும் கடைசிப் பகுதியை 24 விழுக்காட்டுக்கு மேல் பார்த்தார்கள், அந்த அலைவரிசையில் அதுவரை எந்தத் தொடரும் தொடாத உயரம். திட்டிக்கொண்டே பார்த்தவர்களில் எங்கள் வீடும் ஒன்று.

ஆக, பதினான்காம் பகுதியில் பிரிவார்கள் என்பது எனக்கும் அம்மாவுக்கும் முதல் நாளே தெரியும். நாங்கள் பார்ப்பது, பிரிவு அந்த ஆட்களிடமிருந்து வருகிறதா லாரியிலிருந்து வருகிறதா என்பதைத்தான். அம்மாவிடம் பந்தயம்கூட உண்டு. லாரி வந்தால் மறுநாள் காப்பி என் பொறுப்பு.

'ரிப்ளை 1988'இல் லாரி வராது. சியோலில் ஒரு சந்து, ஐந்து குடும்பம், ஒன்றாக வளர்ந்த ஐந்து பிள்ளைகள். தொக்சன் என்ற பெண்ணின் கணவன் யார் என்று இருபது பகுதிக்கும் ஊகிக்க வைப்பார்கள், இது 'ரிப்ளை' வரிசைத் தொடர்களின் வழக்கமான விளையாட்டு. ஜங்ஹ்வான் அவளைப் பள்ளி நாட்களிலிருந்தே விரும்புகிறவன், ஒரு முறையும் வாய் திறவாதவன். பதினெட்டாம் பகுதியில் கச்சேரி அரங்கின் வாசலில் அவள் தனியாக நிற்கிறாள் என்று தெரிந்து காரை எடுத்துக்கொண்டு பறப்பான். ஒவ்வொரு சந்திப்பிலும் சிவப்பு விளக்கு. போய்ச் சேரும்போது இன்னொருவன், ஆடவேண்டிய ஆட்டத்தையே விட்டுவிட்டு, அவளுக்கு முன்னால் நிற்கிறான். வேறு எந்தத் தொடராக இருந்தாலும் விதி என்று பின்னணி இசையை ஏற்றியிருப்பார்கள். இவன் தன்னையே கேட்டுக்கொண்டு, தன்னைத் தடுத்தவை விளக்குகள் அல்ல, தான் தயங்கிய எண்ணற்ற நொடிகள் என்று ஒப்புக்கொள்கிறான். பிறகு நண்பர்களோடு உட்கார்ந்திருக்கும்போது மோதிரத்தை எடுத்து நீட்டி, மனத்தில் இருந்த அத்தனையையும் அவளிடம் சொல்லிவிட்டு, சும்மா விளையாட்டுக்கு என்று சிரித்துவிடுவான். மோதிரம் மேசையிலேயே கிடக்கும். ஜங்ஹ்வான்தான் கணவன் என்று பந்தயம் கட்டியிருந்த கூட்டம் 2016 ஜனவரியில் போட்ட கூச்சல் பெரிது. எனக்கு அவர்கள்மேல் இரக்கம் உண்டு, ஆனால் எழுதியவர் பக்கம்தான் நியாயம்.

அதே தொடரின் முதல் பகுதியில், நடுப்பிள்ளையான தொக்சனுக்குத் தனியாகப் பிறந்தநாள் கிடையாது. அக்காவின் கேக்கிலேயே மெழுகுவத்தியை மாற்றி வைத்து இவளுக்கும் பாடிவிடுவார்கள். முட்டையும் கோழிக்காலும் எப்போதும் மற்ற இருவருக்கு. அவள் உடைந்து அழும்போது நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் மூன்றில் நடு. அம்மா எழுந்து போய், எனக்கு மட்டும் ஒரு முட்டை பொரித்துக் கொண்டுவந்து வைத்தாள். இரவு பதினொன்றரை மணி.

இப்போது புதுயுகம் நாட்கள் போய், ஆங்கில வசன வரிகளோடு பார்க்கிறோம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, கண்ணும் மங்கல். நான்தான் உரக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். அங்கேதான் சிக்கல். ஒருநாள் கேட்டாள், "அவள் அவனை 'நீ' என்றாளா, 'நீங்கள்' என்றாளா?" எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்று. கொரியத்துக்கு அப்படி இல்லை, நம்மைப்போலவே மரியாதைப் பேச்சு வேறு, ஒருமைப் பேச்சு வேறு. வரியின் கடைசியில் 'யோ' என்று ஒலித்தால் பெரும்பாலும் மரியாதை. அறிமுகமானதும் வயதைக் கேட்பார்கள், கொஞ்சம் பழகியதும் இனி இறக்கிப் பேசலாமா என்று அனுமதி கேட்பார்கள். பத்துப் பகுதி யோ யோ என்று பேசியவர்கள் திடீரென்று அதை விட்டுவிட்டால் முத்தத்தைவிடப் பெரிய விஷயம் நடந்திருக்கிறது என்று பொருள். ஆங்கில வரியை மட்டும் படிக்கிறவருக்கு அந்த இடத்தில் எதுவுமே நடந்திருக்காது. கதை மந்தமாகப் போகிறது, ஒன்றுமே நடக்கவில்லை என்று புகார் சொல்கிறவர்களில் பாதிப் பேர் இதைத் தவறவிட்டவர்கள் என்பது என் எண்ணம்.

உறவுச் சொற்களிலும் இதே கதை. 2018இல் வந்து 'சம்திங் இன் த ரெயின்' என்று உலகம் அறிந்த தொடரின் கொரியப் பெயர், சாப்பாடு வாங்கித் தரும் அழகான அக்கா. "அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே காதலா? கடவுளே!" என்று அம்மா இரண்டு நாள் பார்க்க மறுத்தாள். அதற்கு முன்பே, நாயகி காதலனை 'ஓப்பா', அதாவது அண்ணா, என்பதை 'அப்பா' என்று கேட்டுவிட்டு ஒரு முறை திகைத்திருந்தாள். உண்மையான அப்பாவை அவர்களும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் குழப்பம் கூடியது.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் 'ரிப்ளை 1988'இல் தொடங்குங்கள், முதல் இரண்டு பகுதி மெதுவாகப் போனாலும் விட்டுவிடாதீர்கள். 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' வேண்டாம். அதன் நாயகன் அந்தப் பெண்ணைப் படுத்தும் பாட்டை இன்று என்னால் காதல் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதையெல்லாம் அப்போது எப்படி ரசித்தோமோ!

நேற்று இரவு ஒரு புதுத் தொடரின் ஒன்பதாம் பகுதி. அம்மா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நானும் வரி படிப்பதை நிறுத்திவிட்டு ஒலியைக் குறைத்தேன். திரையில் இருவர் பஸ் நிறுத்தத்தில் நின்று, நாளைக்கு மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"குறைக்காதே" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல். "யோ போய்விட்டது, கவனித்தாயா?"